சாய்ந்த துளை

வெர்ன் யுர்கோ அந்தப் பிஸ்டலை வாங்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். சத்தம் இல்லை. எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் யார் புதிதாகக் கொண்டுவந்தாலும் முதலில் நடப்பது இதுதான். உள்ளே கடகடவென்று ஆடினால் காலை உணவுத் தானிய டப்பாவில் பொம்மைபோல் இலவசமாக வந்ததா என்று கேட்பார்கள். ஆடாவிட்டால் மெச்சித் தலையசைப்பார்கள். வெர்ன் தலையசைக்கவில்லை. மேலே ஓடும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டார். அது சீறிக்கொண்டு முன்னால் வந்து, மூட வேண்டிய இடத்துக்கு ஒரு நகக்கண் அளவு முன்பாகவே நின்றுவிட்டது. கட்டைவிரலால் தள்ளினார். நகரவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய பிறகுதான் மூடியது.

"குலுக்கறதுக்குக் கட்டினியா, சுடறதுக்குக் கட்டினியா?" என்றார்.

எதிரே நின்றவர் லைல் கொவாலிக். ஊர் நிலக்கரிச் சுரங்கம் மூடும்வரை அங்கே மின்சார வேலை பார்த்தவர் அவர். இப்போது மாவட்டப் பள்ளிகளின் கொதிகலன்களைக் கவனித்துக்கொள்கிறார். மான் வேட்டை சீசன் முடிந்ததிலிருந்து வீட்டு நிலவறையில் உட்கார்ந்து கட்டிய பிஸ்டல் அது. ஸ்லைடு ஓரிடத்தில் வாங்கியது, குண்டு போகும் பேரல் வேறிடத்தில் வாங்கியது. இவற்றைத் தாங்கும் அடிச்சட்டமான பிரேம் மட்டும் அரைகுறையாக வார்த்து விற்கப்படுவது. வாங்குகிறவரே துளைகள் போட்டு, தடங்கள் வெட்டி முடித்துக்கொள்ள வேண்டும். மேற்குப் பென்சில்வேனியாவின் எங்கள் பகுதியில் பனிக்காலத்தில் ஆண்கள் நிலவறைக்குள் இறங்கிவிட்டால் மேலே வரும்போது இப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

வெர்ன் கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. வீட்டில் கட்டிய எதுவும் அவர் பார்த்துப் பச்சைச் சீட்டுக் கட்டாமல் சுடும் கோட்டுக்குப் போக முடியாது. இருவருக்கும் நடுவே இருந்தது இது மட்டுமல்ல. லைல் கல்யாணம் செய்திருந்தது வெர்னின் தங்கை மார்லாவை. விவாகரத்தாகி இரண்டு வருஷம். மார்லா வீட்டைவிட்டுப் போன அன்று வெர்ன் தன் லாரியைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். தங்கை கேட்காத பெரிய குளிர்ப்பெட்டியையும் ஏற்றினார். அதற்குள் லைல் சுட்டு வெட்டிவைத்த மானில் பாதி இருந்தது. அந்த மான்கறியைப் பற்றி லைல் இன்றுவரை பேசுவார். தங்கையின் வீணாய்ப்போன பத்தொன்பது வருஷத்தைப் பற்றி வெர்ன் பேசுவார்.

இதெல்லாம் பழைய சண்டை. இந்தப் பிஸ்டலில் இருந்தது வேறு விஷயம். மார்லாவுக்கும் லைலுக்கும் ஒரே மகள், டெஸ்ஸா. இருபது வயது. எங்கள் அணியில் அவளைப்போல் சுடுகிறவர் யாரும் இல்லை. அம்மாவோடு இருந்தாள், பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை செய்தாள், அப்பாவைப் பார்க்க வருவது சனிக்கிழமை காலை கிளப்புக்கு மட்டும். அதுவும் துப்பாக்கி விஷயமாகத்தான். அவள் முன்பு சுட்டுக்கொண்டிருந்த பிஸ்டலை விவாகரத்துச் சொத்துப் பிரிவினையில் விற்கும்படி ஆகிவிட்டது. வெர்ன் தன்னுடையதை எடுத்துக்கொள் என்றார், நல்ல பிஸ்டல், எப்போது வேண்டுமானாலும் என்றார். நான் உனக்கென்று ஒன்று கட்டித் தருகிறேன் என்றார் லைல். டெஸ்ஸா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மார்ச்சில் லீக் போட்டிகள் தொடங்கும்போது அப்பாவுடையது தேறியிருந்தால் அது, இல்லாவிட்டால் மாமாவுடையது என்று சொல்லிவிட்டாள். மாமாவின் பிஸ்டல் என்றால் மாமாவோடு பயிற்சி, மாமாவின் வண்டியில் வெளியூர்ப் போட்டி. சனிக்கிழமைகள் கைமாறிவிடும் என்பது லைலுக்குத் தெரியும். வெர்னுக்கும் தெரியும்.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை கிளப்பின் கீழ்த்தளத்தில் வெர்ன் பிஸ்டலை மேசைமேல் பிரித்துப் பரப்பினார். ஸ்லைடு நின்றுபோவதற்கு அவர் ஒரு வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டார்: குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்று இறுக்கி இறுக்கி, ஓடுவதற்கு இடமே இல்லாமல் செய்திருக்கிறாய். அது நம் ஊரில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம், சரிசெய்துகொள்ளலாம் என்றார். பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னக் கொக்கியை எடுத்தார். தோட்டாவைத் தாக்கும் சுத்தியைப் பின்னால் தாங்கி நிறுத்துவது அந்தக் கொக்கிதான். விசையை அழுத்தும்போது அது விலகினால் சுத்தி விழும். விலகாதவரை விழக்கூடாது. வெர்ன் அதன் முனையில் கறுப்பு மை தடவி, திரும்பப் பூட்டி, சுத்தியைச் சில தடவை இழுத்துவிட்டு, கழற்றி லைலின் மூக்குக்கு நேரே பிடித்தார். மை ஒரு மூலையில் மட்டும் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளவென்று அப்படியே இருந்தது.

"ஓட்டை சாய்ஞ்சிருக்கு," என்றார். "கொக்கிய மாட்டற ஊசி போற ஓட்டைய நீ கோணலாப் போட்டிருக்க. கொக்கி ஒத்தக்கால்ல நிக்குது. இந்தப் பிரேமத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு."

"உன் கண்ணு கோணல்."

"கொக்கியத் தேச்சு சரி பண்ணிடலாம்னு மட்டும் நெனைக்காத. கொக்கி நேராத்தான் இருக்கு. அதயும் கோணலாக்கிடாத."

லைல் பாகங்களை ஒரு துணியில் வாரிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். மேலே கிளப்பின் மதுக்கூடத்தில் நின்று, அந்தக் குடும்பத்தில் எவனும் ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கீழே வெர்ன், சுரங்கத்தில் இவன் போட்ட விளக்குகள் எரிந்ததே கடவுள் செயல் என்றார். அன்று நாங்கள் இருபக்கமும் கேட்டுச் சிரித்தோம். சிரித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி முழுக்க லைல் நிலவறையில் இருந்தார். ஸ்லைடை அவர் நன்றாகவே சரிசெய்தார். தடங்களில் மை தடவுவது, ஓட்டிப் பார்ப்பது, உரசும் இடத்தைக் கண்டுபிடித்துக் கல்லால் ஒரு தேய்ப்பு, துடைத்துவிட்டு மறுபடி மை. பொறுமையான வேலை. கடைசியில் ஸ்லைடு எண்ணெயில் மிதப்பதுபோல் ஓடி, முழுதாக மூடியது. காதருகே குலுக்கினால் இன்னமும் சத்தம் இல்லை. அதில் அவருக்கிருந்த பெருமை நியாயமானது.

துளை விஷயம் வேறு. ஜனவரியில் கிளப்பிலிருந்து வீட்டுக்கு வந்ததுமே லைல் அதில் ஒரு நீளக் கம்பியைச் செருகிப் பார்த்தார். கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவருடைய துளைபோடும் இயந்திரத்தின் மேசை ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். புதுப் பிரேம் வாங்கினால் வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நேரம்கூடப் பெரிதில்லை. வாங்கினால் அதை வெர்னிடம்தான் கொண்டுபோய் நீட்ட வேண்டும், வெர்ன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாயைத் திறக்காமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அதனால் எதைச் செய்யாதே என்று வெர்ன் சொன்னாரோ அதைச் செய்தார். நேராக இருந்த கொக்கியைச் சாய்ந்த துளைக்கு ஏற்றபடி தேய்த்தார். மை இப்போது முனை முழுக்கச் சீராகத் தேய்ந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

இதற்கிடையே கிளப்பில் காற்று மாறியிருந்தது. வெர்ன் இரண்டாவது தடவையும் சீட்டுக் கொடுக்க மறுத்தபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல், புதுப் பிரேமா என்று மட்டும் கேட்டு, இல்லை என்றதும் திருப்பித் தள்ளிவிட்டார். அது பார்க்க நன்றாக இல்லை. வெள்ளிக்கிழமை முட்டைக்கோஸ் நூடுல்ஸ் விருந்தில் கிளப் தலைவி லொரெட்டா பானிக் அவரைத் தட்டும் கையுமாக மடக்கினார். தங்கச்சி வீட்டு வழக்கை எங்கள் மேசைமேல் நடத்தாதே, டெஸ்ஸா இல்லாமல் அணி இல்லை, பிஸ்டலைப் பார், ஆளைப் பார்க்காதே என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். வெர்ன் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். அவரை வாழ்க்கையில் பலரும் பலவிதமாகத் திட்டியிருக்கிறார்கள். வேலையில் ஓரவஞ்சனை செய்கிறார் என்று யாரும் சொன்னதில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மார்ச்சில் முதல் போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை லைல் நிலவறையில் மணல் நிரப்பிய வாளிக்குள் பிஸ்டலின் முனையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு தோட்டா போட்டு, ஸ்லைடை விட்டார். அது மூடிய அதே நொடியில் வெடித்தது. மணல் கூரைவரை எழும்பியது. விசையில் விரல் பட்டிருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரல் விசைவளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். பிறகு தோட்டா போடாமல், பிஸ்டலின் வெறும் அறையோடு ஸ்லைடை விட்டு விட்டுப் பார்த்தார். சுத்தி ஒவ்வொரு தடவையும் தாங்கி நின்றது. கை சோரும்வரை செய்தும் விழவில்லை. மணலைக் கூட்டி அள்ளினார். யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் பின்னால் அவரே எங்களிடம் சொன்னது.

சனிக்கிழமை காலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப் வந்திருந்தது. கீழ்த்தளத்தில் சுடும் கோட்டுக்குப் பின்னால் காப்பியும் டோனட்டுமாகக் கூட்டம். டெஸ்ஸா காதுமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். லைல் பிஸ்டலை மேசைமேல் வைத்தார். லொரெட்டா வெர்னின் தோளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது.

வெர்ன் பிரித்தார். கொக்கியில் மை தடவினார். மை முழுக்கத் தேய்ந்து வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுப் பிரேமா?" என்று கேட்டார்.

"மை பேசுதில்ல? அதக் கேளு," என்றார் லைல்.

எங்கள் விதிப்படி கட்டியவர்தான் முதல் சுற்றைச் சுட வேண்டும், அதிகாரி பின்னால் நிற்க வேண்டும். லைல் சுட்டார். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. குறி அட்டையில் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. வந்திருந்த கிளப்பிலிருந்து ஒருவர் வியந்து சீட்டியடித்தார். இதற்குப் பிறகு விதியில் இன்னொரு பகுதி உண்டு. பிஸ்டல் சுட்டுச் சூடாக இருக்கும்போதே அதிகாரி அதை வாங்கி, வெறும் அறையில் ஸ்லைடை விட்டுச் சுத்தி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெர்ன் அதை வருஷக்கணக்காக ஒருவருக்காகவும் தவிர்த்ததில்லை. அன்று அவர் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். லொரெட்டாவைப் பார்த்தார். பச்சைச் சீட்டை எடுத்து விசைவளையத்தில் கட்டினார்.

"இந்தா. இனிமே ஒருத்தரும் என் தங்கச்சி பேர இழுக்காதீங்க."

டெஸ்ஸா பிஸ்டலை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கோட்டுக்குப் போனாள். பக்கத்து இடத்தில் இன்னொரு பெண் குனிந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். டெஸ்ஸா தோட்டாக்கூட்டைச் செருகினாள். ஸ்லைடில் கைவைத்தாள்.

"டெஸ்ஸா, அதக் கீழ வை," என்றார் லைல்.

அவள் திரும்பவில்லை, காதுமூடி போட்டிருந்தாள். அவர் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சுடும் கோட்டில் இன்னொருவர் கையைப் பிடிப்பது எங்கள் கிளப்பில் வெளியே அனுப்பப்படும் குற்றம். வெர்ன் பாய்ந்து வந்தார். கையை எடுக்கச் சொன்னார். லைல், இதைச் சுடக் கூடாது, இது சரியில்லை என்றார்.

"சரியில்லையா?" என்றார் வெர்ன். "ரெண்டு மாசமா நான் சொன்னேன். ஊரே சேந்து என்ன அயோக்கியன்னுச்சு. இப்பச் சீட்டுக் கட்டிட்டேன், இப்ப நீ வந்து சரியில்லைங்கற. இது நல்ல பிஸ்டல் லைல். நான் பாத்துட்டேன். அவ சுடட்டும்."

அடுத்து நடந்ததை அன்று அங்கே இருந்த எவரும் மறக்கவில்லை. பிஸ்டலைக் கட்டியவர் அது கெட்டது என்று வாதாடினார். அதை இரண்டு தடவை தள்ளியவர் அது நல்லது என்று வாதாடினார். லைல் தோட்டாக்கூட்டைக் கழற்றி, பிஸ்டலைக் குறி அட்டைப் பக்கம் நீட்டி, ஸ்லைடை விட்டார். சுத்தி தாங்கியது. மறுபடி விட்டார். தாங்கியது. மறுபடி. பின்னால் யாரோ சிரித்தார்கள். வெர்ன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியா? விழல."

"விழும்."

"நான் சீட்டுக் கட்டின பிஸ்டல்ல அவ ஜெயிச்சிடக் கூடாது, அதான?"

லைல் இன்னும் விட்டுக்கொண்டே இருந்தார். அவர் கழுத்து சிவந்துவிட்டது. அது ஒரு தடவையாவது விழ வேண்டும் என்று அவர் மன்றாடுவதுபோல் இருந்தது. அது விழவில்லை. கடைசியில் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மணல்வாளியில் நடந்ததைச் சொன்னார். மகளிடம் சொல்லவில்லை, வெர்னிடமும் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார்.

டெஸ்ஸா காதுமூடியைக் கழற்றினாள். அவளுக்கு வலதுபக்கம் நின்றிருந்த பெண் இரண்டடி பின்னால் போயிருந்தாள்.

"செவ்வாக்கெழமையா?" என்றாள் டெஸ்ஸா.

"ஆமா."

"தெரிஞ்சுதான் இங்க எடுத்துட்டு வந்தியாப்பா?"

அவள் வெர்ன் பக்கம் திரும்பினாள். "சூடா இருக்கும்போது பாக்கணுமே மாமா. பாத்தீங்களா?"

வெர்ன் லொரெட்டாவைப் பார்த்தார். லொரெட்டா வேறு பக்கம் பார்த்தார்.

"நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும். இத்தன நாள் தள்ளினது அப்பா மேல கோவத்துலன்னு நெனைச்சேன், சீட்டுக் கட்டினதும் சந்தோஷப்பட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல என் கையத்தான் வெச்சீங்க."

வெர்ன் தன் பிஸ்டல் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். அவள் வண்டி கிளம்பும் சத்தம் கீழே கேட்டது. ஆள் குறைந்த அணியாக நாங்கள் சுட்டோம், மோசமாகத் தோற்றோம். அந்தக் கிளப்காரர்கள் மரியாதைக்குக் கைகுலுக்கிவிட்டு டோனட்டின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் போன பிறகு லைல் மேசைமேல் பிஸ்டலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெர்ன் விளக்குகளை அணைக்க வந்தவர், அணைக்காமல் நின்றார். அங்கே நான் சுவரோரம் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"ஜனவரிலயே சொன்னேன்," என்றார் வெர்ன்.

"சொன்ன. வேற எவன் சொல்லியிருந்தாலும் அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன்."

 லைல் பிரேமை மேசையோரத்துப் பிடிப்பான் இடுக்கில் வைத்து முறுக்கி, இரும்பறுக்கும் வாளை எடுத்துச் சாய்ந்த துளைக்கு நடுவே வைத்து அறுக்கத் தொடங்கினார். வெர்ன் இடுக்கை இன்னும் இறுக்கிக் கொடுத்திருக்கலாம், அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை. பாதி அறுந்தபோது படியேறிப் போய்விட்டார். விளக்கைக் கடைசியில் நான்தான் அணைத்தேன்.

ஏப்ரலில் டெஸ்ஸா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்தாள். அவர்களுடைய பிஸ்டலில் சுடுகிறாள். அங்கே பார்வையாளர்களுக்கு ஒரே ஒரு நீளப் பெஞ்சு. சனிக்கிழமை காலையில் லைல் அதன் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறார், வெர்ன் மறு முனையில். இருவரும் தனித்தனி வண்டியில் வருகிறார்கள். சுட்டு முடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விடுகிறாள்.